பழைய காருக்குப் பழைய மீட்டர் கிடைக்குமா?

பழைய மோட்டார் கார் ஒன்றை ஆசையோடு வாங்கிப் புதுப்பித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சினைப் பற்றி அவர்கள் அதிகமாகப் புலம்பமாட்டார்கள். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கடைந்து கொடுக்க லேத்துப் பட்டறை இருக்கிறது. தகரம் அரித்திருந்தால் தட்டி ஒட்ட டிங்கர் மேஸ்திரி இருக்கிறார். மெத்தை கிழிந்திருந்தால் சீட் தைக்கிறவர் இருக்கிறார். எல்லாம் முடிந்து, பெயிண்டும் பாலிஷும் போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம் பழமும் வைத்து, ஸ்டீயரிங்கின் முன்னால் உட்காரும்போதுதான் டாஷ்போர்டிலே இருக்கும் அந்த வட்டக் கண்ணாடிகள் கண்ணில் உறுத்துகின்றன. ஒன்றில் முள்ளைக் காணோம். ஒன்றில் முள் இருக்கிறது; அசையவில்லை. இன்னொன்றில் மழைத் தண்ணீர் புகுந்து எழுத்தெல்லாம் கரைந்து கிடக்கிறது. ஸ்பீடாமீட்டரோ, வண்டி ஷெட்டில் நிற்கும்போதே முப்பது மைல் வேகம் காட்டுகிறது!

அன்றைக்கு ஆரம்பிக்கிறது தேடல். சிலருக்கு அது ஒரு மாதத்தில் முடியும். சிலருக்குப் பத்து வருஷமானாலும் முடிவதில்லை.

"மீட்டர் இல்லாவிட்டால் என்ன ஸ்வாமி, வண்டி ஓடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும், சந்தேகமில்லை. பெட்ரோல் மீட்டர் பொய் சொன்னால் நடுவழியில் நின்று, கையில் டப்பாவோடு பங்க் வரைக்கும் நடக்க வேண்டியிருக்கும். அதோடு போயிற்று. ஆயில் பிரஷர் மீட்டர் பொய் சொன்னால் விஷயம் வேறு. எண்ணெய் வரத்து நின்ற எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிஷங்களிலேயே உருகிவிடும். கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழுந்துவிடும். 1950-ஆம் வருஷத்துக் கார் ஒன்றின் கிராங்க் ஷாஃப்டுக்கு எந்தக் கடையில் போய் நிற்பது? ஆகவே மீட்டர் தேடுகிறவர் டாஷ்போர்டின் அழகை மட்டும் உத்தேசித்துத் தேடினால் போதாது. துளைக்குள் சரியாக உட்கார்ந்து, விளக்குப் போட்டால் ஜோராக மின்னி, தவறான கணக்கைக் காட்டுகிற மீட்டரைவிட ஆபத்தான சாமான் காரில் வேறு கிடையாது.

குச்சியும் குமிழியும்

முதலில் மீட்டரே இல்லாத காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு 'டி' மாடல் காரில் பெட்ரோல் மீட்டர் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் சூட்டை அறிய, அதன் மூடியிலேயே ஒரு தெர்மாமீட்டரைப் பொருத்தி விற்றார்கள். 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' என்று அதற்குப் பெயர். டிரைவர் தன் இருக்கையிலிருந்தே, பானெட்டுக்கு அப்பால் ஏறி இறங்கும் சிவப்புக் கோட்டைக் கவனித்துக்கொண்டு போவார். இன்று கண்காட்சிகளில் பழைய வண்டியின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் அந்த அழகான வட்டத்தைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அதற்கடுத்து வந்த ஃபோர்டு 'ஏ' மாடலில் வேடிக்கையான ஏற்பாடு ஒன்று இருந்தது. பெட்ரோல் டேங்க் டாஷ்போர்டுக்கு நேர் பின்னால், டிரைவரின் முழங்காலுக்கு மேலே இருந்தது. ஆகவே டேங்கில் மிதக்கும் கட்டையே நேராக முள்ளை ஆட்டியது! ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. இந்த மீட்டர் கெட்டால் பழுது பார்ப்பது சுலபம். ஆனால் வாஷர் சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் டிரைவரின் மடியில் சொட்டும்.

1930-களின் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் முள்ளே கிடையாது. டாஷ்போர்டில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். அதில் சிவப்பாக ஒரு திரவம். டேங்கிலிருந்து வரும் காற்றின் அழுத்தம் அந்தத் திரவத்தை உயர்த்திக் காட்டும். 'கிங் ஸீலி டெலிகேஜ்' என்ற இந்த ரகம் இன்று கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் திரவம் வற்றிப் போயிருக்கும். கலர் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும், தோன்றினால் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தத் திரவம் தண்ணீரைப்போல் சுமார் மூன்று மடங்கு கனமானது. தண்ணீர் ஊற்றினால் கால் டேங்க் பெட்ரோலுக்கே குழாய் முக்கால் பங்கு நிரம்பி நிற்கும். உண்மையான திரவமோ விஷம். கையில் பட விடக் கூடாது.

லண்டன் கடிகாரக்காரர்

நம் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் பழங்கார்களில் பெரும் பகுதி இங்கிலாந்து வம்சம். மாரிஸ் மைனர், ஆஸ்டின், ஸ்டாண்டர்டு என்று வரிசையாகச் சொல்லலாம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி இறக்கியது. 1955-க்குப் பிறகுதான் அது அசோக் லேலண்டு ஆயிற்று. வண்டலூரில் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஹெரால்டு கார்கள் வெளிவந்தன. இந்த வம்சத்து டாஷ்போர்டுகளை உற்றுப் பார்த்தால், முகத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஸ்மித்ஸ்' என்றோ 'யேகர்' என்றோ பெரும்பாலும் இருக்கும்.

ஸ்மித்ஸ் கம்பெனியின் பூர்வீகம், 1851-ல் லண்டனில் சாமுவேல் ஸ்மித் ஆரம்பித்த கடிகாரக் கடை. ஏழாம் எட்வர்டு மன்னரின் காருக்கு 1904-ல் மைல் மீட்டர் செய்து கொடுத்ததிலிருந்து மோட்டார் வியாபாரத்தில் அவர்கள் பெயர் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். பிற்பாடு லண்டனின் கிரிக்கிள்வுட் பேட்டையில் பெரிய தொழிற்சாலையே எழும்பியது. கடிகாரக்காரர் கைவேலை என்பது ஒரு பழைய ஸ்மித்ஸ் மீட்டரைத் திறந்து பார்த்தாலே தெரியும். மயிரிழைச் சுருள்வில், கண்ணுக்குத் தெரியாத கல் பேரிங், துல்லியமான பல் சக்கரங்கள்! கடிகாரம் ரிப்பேர் செய்யும் பெரியவர்கள் சிலர் ஸ்பீடாமீட்டரையும் திறந்து சரிசெய்துவிடுவதில் ஆச்சரியமில்லை.

இந்த மீட்டர்களின் முகத்தில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிட வேண்டும். 'எஸ்.என்.' என்று தொடங்கினால் ஸ்பீடாமீட்டர். 'எஃப்.ஜி.' என்றால் பழைய ரகப் பெட்ரோல் மீட்டர். 'பி.எஃப்.' என்றால் பின்னால் வந்த ரகப் பெட்ரோல் மீட்டர். அதன் பிறகு வரும் எண்கள், எந்த வண்டிக்காக அது செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் ஜாதகம். அழகையும் அளவையும் மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, இந்த எழுத்தைப் பார்க்காமல் வந்தவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள்.

ஜோடியைப் பிரிக்காதீர்கள்

ஏன் தவிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் மீட்டர் தனியாள் அல்ல. டாஷ்போர்டில் இருப்பது பாதி. மறு பாதி டேங்குக்குள் மிதவையோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் ஏற இறங்க, மிதவை ஒரு கம்பிச் சுருளின் மேல் நகர்ந்து மின்சாரத்தின் தடையைக் கூட்டிக் குறைக்கும். அந்தத் தடையைத்தான் முள் காட்டுகிறது. பழைய எஃப்.ஜி. ரகத்தில், டேங்க் காலியானால் தடை குறைவு, நிரம்பினால் அதிகம். பின்னால் வந்த பி.எஃப். ரகத்தில் நேர் தலைகீழ்: காலியானால் தடை அதிகம், நிரம்பினால் குறைவு. ஒன்றின் முகத்தையும் மற்றொன்றின் மிதவையையும் ஜோடி சேர்த்தால் என்ன ஆகும்? டேங்க் நிரம்பி வழியும்போது முள் காலி என்று காட்டும். காலியாகும்போது 'ஃபுல்' என்று உற்சாகமாக எழுந்து நிற்கும்! அமெரிக்கக் கார்களிலும் இதே கூத்துத்தான். 1960-களின் நடுவிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்குப் பூஜ்யம் ஓம், நிறைவுக்கு 90 ஓம். ஃபோர்டு வண்டிகளில் காலிக்கு 73 ஓம், நிறைவுக்கு 10 ஓம்.

இரண்டு ரகங்களையும் கழற்றாமலே அடையாளம் கண்டுகொள்ளலாம். சாவியைத் திருப்பியதும் முள் சட்டென்று எழுந்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்ரோலோடு சேர்ந்து ஆடினால் அது பழைய காந்த ரகம். சாவகாசமாக, தூக்கத்திலிருந்து எழுவதுபோல் முள் ஏறினால் அது சூட்டினால் வளையும் இரட்டை உலோகப் பட்டை வைத்த புதிய ரகம். இந்தப் புதிய ரகத்துக்குத் துணையாக டாஷ்போர்டின் பின்னால் தீப்பெட்டியை ஒத்த ஒரு தகரப் பெட்டி இருக்கும். வீட்டில் பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைக்கிறோமே, அதே வேலைதான். பேட்டரி எத்தனை வோல்ட் கொடுத்தாலும் மீட்டருக்குச் சராசரி 10 வோல்ட்தான் போகும்படி அது பார்த்துக்கொள்கிறது.

இந்தச் சிறு பெட்டியைப் பற்றித் தெரியாததால் எத்தனை நல்ல மீட்டர்கள் காயலான் கடைக்குப் போயிருக்கின்றன! பெட்ரோல் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் ஒரே சமயத்தில் அளவுக்கு மீறிக் காட்ட ஆரம்பித்தால், இரண்டு மீட்டர்களும் ஒரே நாளில் கெட்டிருக்கும் என்று நம்புவது கஷ்டம். ஸ்டெபிலைசர் பழுதாகியிருக்கும், அல்லது அதன் எர்த் ஸ்குரூ துருப்பிடித்திருக்கும். உப்புத் தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் தீர வேண்டிய வியாதிக்கு, ஊர் ஊராக மீட்டர் தேடுவானேன்?

அதேபோல், முள் காலியிலிருந்து எழாவிட்டால் முகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் மிதவையைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்து, அது மூழ்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். ஈயப்பற்று வைத்து அடைத்துவிடலாம். ஆனால் உள்ளிருக்கும் பெட்ரோலையும் அதன் ஆவியையும் முற்றிலும் வெளியேற்றிய பிறகுதான் சூடு காட்ட வேண்டும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலை அல்ல அது.

புதுப்பேட்டையிலே

சரி, முகம் நிஜமாகவே செத்துவிட்டது. எங்கே போவது?

சென்னைவாசிகள் எல்லோரும் ஒரே திசையில்தான் கை காட்டுவார்கள்: புதுப்பேட்டை. கல்கத்தாவுக்கு ஒரு மல்லிக் பஜார், பம்பாய்க்கு ஒரு சோர் பஜார், டில்லிக்கு ஒரு மாயாபுரி என்பதுபோல் நமக்கு இது. பிரித்துப் போட்ட வண்டிகளின் உறுப்புகள் தோரணம் கட்டித் தொங்கும் தெருக்கள். கடைக்காரர் முதலில் கேட்பது, "என்ன வண்டி சார்? எந்த வருஷம்?" என்பதுதான். வருஷத்தைச் சொல்லத் தெரியாமல் 'பழைய மாரிஸ்' என்று மட்டும் சொன்னால் அவர் பதில் சொல்லாமல் டீயைக் குடிப்பார். குறை சொல்ல முடியாது. மாரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ல் வந்த வண்டிக்கு டிரைவருக்கு எதிரே மீட்டர்கள். 1954 அக்டோபருக்குப் பிறகு வந்ததற்கு டாஷ்போர்டின் நட்டநடுவே ஒரே பெரிய ஸ்பீடாமீட்டர். பெட்ரோல் மீட்டர் அதன் வயிற்றுக்குள்ளேயே! பெயர் ஒன்றுதான், ஒன்றின் சாமான் மற்றொன்றுக்குப் பிரயோஜனமில்லை.

ஆகவே போகும்போது செத்த மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் கழற்றுவதற்கு முன்பே, பின்புறத்து ஒயர்கள் எந்த நிறம் எந்த முனையில் என்று செல்போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருப்பது முகம் சிதைந்து, எந்திரம் நன்றாக இருக்கும் மீட்டராக இருக்கலாம். உங்களுடையது முகம் நன்றாக இருந்து எந்திரம் செத்ததாக இருக்கலாம். இரண்டிலிருந்து ஒன்று உருவாகும். விலையைக் கேட்டு மலைத்து 'இந்த உடைசலுக்கா இவ்வளவு?' என்று திரும்பி வருபவர்கள், அடுத்த வாரம் போகும்போது அது இருக்காது. இந்த வியாபாரத்தில் மறுவாரம் என்பதே கிடையாது. மூர் மார்க்கெட் இருந்த நாளில் அங்கேயும் இந்த மாதிரிச் சாமான்கள் அகப்படும். அது 1985-ல் எரிந்து போயிற்று.

கடையிலேயே சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. ஆயில் மீட்டரில் மின்சாரம் கிடையாது. 1849-ல் பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்டோன் கண்டுபிடித்த வளைந்த குழாய்தான் அதன் உயிர். எண்ணெயின் அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும்; முள் நகரும். எண்ணெய்க்குப் பதில் காற்றாக இருந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது! பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றுக் குழாயை நிதானமாகக் கொடுத்து, 40 பவுண்டுக்கு 40 காட்டுகிறதா, விட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிடலாம். பொருத்தும்போது, எஞ்சினிலிருந்து மீட்டருக்கு வரும் மெல்லிய குழாயையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. அறுபது வருஷ அதிர்வில் விறைத்துப் போன செப்புக் குழாய் ஓடும்போது முறிந்தால், கொதிக்கும் எண்ணெய் டிரைவரின் காலில் பாயும்.

உள்ளூரில் அகப்படாதவர்கள் இப்போது கடல் தாண்டியும் கையை நீட்டுகிறார்கள். இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் 1967 முதலும், அமெரிக்காவில் ஹெர்ஷியில் 1955 முதலும் வருஷந்தோறும் பழங்கார்ச் சாமான் சந்தை கூடுகிறது. நம் ஊர் மாட்டுச் சந்தையைப்போல், வயல்வெளி முழுக்க ஆயிரக்கணக்கில் கடை பரப்பிவிடுகிறார்கள்! ஸ்மித்ஸ் என்ற பெயரிலேயே வேல்ஸில் கேர்பாண்ட் என்ற இடத்திலிருந்து புதிய மீட்டர்களும் வெளிவருகின்றன. பழையவற்றைப் புதுப்பித்தும் கொடுக்கிறார்கள். நம் கோயம்புத்தூரிலும் 1975 முதல் பிரிக்கால் கம்பெனி வாகன மீட்டர்கள் செய்கிறது. ஆனால் அவை இக்கால வண்டிகளுக்கானவை. அசல் டாஷ்போர்டு எப்படி இருந்தது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அதே ஊரில் அவிநாசி சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

ஆறு சுற்றுக் கணக்கு

ஸ்பீடாமீட்டர் வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-ல் உரிமை பெற்ற தத்துவம்தான் பெரும்பாலானவற்றில் வேலை செய்கிறது. கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைச் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் தானும் சுழலப் பார்க்கும். சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். இந்த இழுபறியே வேகம். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது காருக்குக் கார் வேறு. அந்த எண் ஸ்மித்ஸ் முகத்தில் பொடியாக அச்சாகியிருக்கும்.

உங்கள் வண்டிக்கு எந்த எண் வேண்டும்? கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, உள் கம்பியின் நுனியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேர் வண்டியை நேராகத் தள்ளட்டும். பின் சக்கரம் சரியாக ஆறு முறை சுற்றும்வரை அட்டை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். அதை 1680-ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரை வரையுள்ள உயரத்தின் அங்குலத்தால் வகுத்தால் வந்தது விடை. அட்டை 9 சுற்றுச் சுற்றி, உயரம் 12 அங்குலமாக இருந்தால் 1260. அதே வண்டியில் 1600 என்று அச்சிட்ட மீட்டரை மாட்டினால், நீங்கள் அறுபதில் பறந்துகொண்டிருக்கும்போது முள் நாற்பத்தேழுதான் காட்டும்!

1956-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு நம் நாடு மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறிற்று. ஆகவே மைல் வண்டியில் கிலோமீட்டர் முகம் மாட்டியிருப்பதையும் இங்கே காணலாம். கிலோமீட்டர் முகத்தில் உள்ள எண் கிலோமீட்டருக்கான சுற்று, 1.609-ஆல் பெருக்கினால் மைல் கணக்கு வரும். 800 என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 1287 என்று கொள்ளலாம்.

முள் நடுங்கினால் மீட்டரை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் கேபிள்தான் எங்கோ மடிந்திருக்கும், அல்லது உலர்ந்திருக்கும். கிரீஸ் போடும்போதும் மேல் நுனியில் ஒரு சாண் அளவுக்கு விட்டுவிட வேண்டும். அங்கேயும் தாராளமாகத் தடவினால் அது சுழன்று மேலேறி மீட்டரின் வயிற்றுக்குள் போய்விடும்.

பனிக்கட்டிக்குள் வைத்தியம்

எல்லாவற்றிலும் கிடைப்பதற்கு அரியது பழைய டெம்பரேச்சர் மீட்டர்தான். மின்சாரம் வருவதற்கு முந்தைய ரகத்தில், எஞ்சினில் ஒரு குமிழ், அதிலிருந்து முகம்வரை தலைமுடி போன்ற துளையுடைய செப்புக் குழாய், உள்ளே ஈதர். மூன்றும் ஒரே உடம்பு. பட்டறையில் யாராவது குழாயைக் கவனிக்காமல் வளைத்து முறித்துவிட்டால் ஈதர் ஆவியாகிப் போய்விடும். உயிர் போனது போனதுதான்.

ஆனாலும் போன உயிரை வரவழைக்கும் கைகாரர்கள் இருக்கிறார்கள். மலிவான புது மீட்டர் ஒன்றை வாங்கி, அதன் குமிழை உப்புக் கலந்த பனிக்கட்டியில் புதைத்து, குழாயை வெட்டி, பழைய முகத்தின் குழாயோடு ஒட்டிவிடுகிறார்கள். குளிரில் உள்ளிருக்கும் ஈதர் அடங்கிக் கிடக்கும். ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலே அதற்குப் போதும்! சீக்கிரம் தீப்பிடிக்கும் வஸ்துவும் அதுவே. ஆகையால் இதைப் படித்துவிட்டு வீட்டு அடுப்பங்கரையில் பரீட்சை பண்ண வேண்டாம், பழகியவர்களிடம் கொடுங்கள். பழுது பார்த்த பிறகு சோதிப்பது மட்டும் சுலபம். குமிழைக் கொதிக்கும் வெந்நீரில் விட்டால் 212 பாரன்ஹீட் காட்ட வேண்டும். ஊட்டியில் இருக்கும் அன்பர்கள் இந்தச் சோதனையில் ஏமாறக் கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 199 பாரன்ஹீட்டிலேயே கொதித்துவிடும்.

அம்மீட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ இருபது ஆம்பியர் சுமாருக்குத்தான் கொடுத்தது. அம்மீட்டரும் 30 ஆம்பியருக்குக் கட்டியது. டைனமோவை எடுத்துவிட்டு இக்கால ஆல்டர்னேட்டர் போட்டவர்கள், அத்தனை மின்சாரமும் அந்தச் சின்ன வட்டத்தின் வழியாகவே பாயும் என்பதை மறந்துவிடுகிறார்கள். டாஷ்போர்டின் பின்னால் ஒயர் கருகுவது இப்படித்தான். பழைய இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் கட்டியிருக்கும். அதைக் கவனிக்காமல் அம்மீட்டரை மாட்டினால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும். 6 வோல்ட் வண்டி மீட்டரை 12 வோல்ட்டில் மாட்டினால் ஒன்றுமே காட்டாது; புகைதான் வரும்.

இன்னொரு எச்சரிக்கை. யுத்தத்துக்கு முந்தைய சில மீட்டர்களில், விமான மீட்டர்களைப் போலவே, இருட்டில் ஒளிரும் எழுத்துகள் இருக்கும். அது ரேடியம் கலந்த மை. இப்போது ஒளிராவிட்டாலும் ஏமாறாதீர்கள். ஒளியைக் கொடுத்த மருந்துதான் செத்திருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். 1920-களில் நியூஜெர்சியில் கடிகார முகங்களுக்கு இந்த மையைத் தீட்டிய இளம்பெண்கள், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கியே நோயுற்று மாண்டார்கள். அப்படிப்பட்ட முகத்தைச் சுரண்டவோ, கண்ணாடியைத் திறந்து ஊதவோ கூடாது.

யாருடைய மைல்?

கடைசியாக ஒரு தர்மசங்கடம். தாத்தா ஓட்டிய கார் என்று வைத்துக்கொள்வோம். அவர் காலத்து மைல்கள் பழைய மீட்டரில் எண்ணாக நிற்கின்றன. புதுப்பேட்டையில் கிடைத்த மீட்டரிலோ, எந்த ஊரிலோ எவரோ ஓட்டிய மைல்கள். எதை வைத்துக்கொள்வது?

எண்ணைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, 'குறைவாக ஓடிய வண்டி' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் மோசடி. என் அபிப்பிராயத்தில் மிக உத்தமமானது, எந்திரத்தை மட்டும் மாற்றி, தாத்தாவின் எண் சக்கரங்களை அவர் விட்ட இடத்திலிருந்தே தொடரச் செய்வதுதான். திறமையான ரிப்பேர்க்காரருக்கு அது கஷ்டமல்ல. இயலாவிட்டால், மாற்றிய தேதியையும் இரண்டு மீட்டர்களின் எண்களையும் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட வேண்டும். அந்த நாளைய மீட்டர்கள் பெரும்பாலும் ஐந்து இலக்கம். 99,999-க்குப் பிறகு தானாகவே பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆகவே 34,000 என்று நிற்பது 1,34,000 ஆகவும் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

2021-ல் மத்திய அரசு ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கென்று தனி விதி செய்து, 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் கொடுக்க ஏற்பாடு செய்தது. அசல் உருவம் கெடாமல், சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றை அடியோடு மாற்றாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டில்லியில் 1964 முதல் நடந்துவரும் ஸ்டேட்ஸ்மன் பந்தயம் போன்ற இடங்களில் நடுவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். கதவைத் திறந்து குனிந்து டாஷ்போர்டைப் பார்ப்பார்கள். புதுப் பளபளப்பு முகம் மாட்டிய வண்டியைவிட, சற்றே பழுப்பேறிய அசல் முகம் உள்ள வண்டியின் அருகில் அவர்கள் அதிக நேரம் நிற்பதைக் காணலாம்.

அதனால்தான் செத்த மீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம் என்கிறேன். மாற்று மீட்டர் கிடைத்து வண்டியில் ஏறிய பிறகும், பழையதைப் பஞ்சில் பொதிந்து, மழைத் தண்ணீர் படாத பெட்டியில் வைத்து, மேலே வண்டியின் பெயரையும் வருஷத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஈதரை அடக்கத் தெரிந்த ஒருவர், அல்லது மயிரிழைச் சுருள்வில்லைத் தொடத் தெரிந்த ஒரு கடிகாரப் பெரியவர், அடுத்த வருஷமே உங்களுக்கு அகப்பட்டாலும் அகப்படலாம்.